கள்ளப் பிரதியும் காவலும்

பாரதியார் 1921-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் மறைந்தபோது, அவருடைய பாடல்களுக்குச் சந்தை விலை ஒன்று உண்டாகும் என்று எண்ணிப் பார்த்தவர் அரிது. கால் நூற்றாண்டுக்குள் அந்த விலை உண்டாகிவிட்டது. இசைத்தட்டிலும் பேசும் படத்திலும் அப்பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரின் கைக்குச் சென்று, அவரிடமிருந்து ஏவி. மெய்யப்ப செட்டியாரின் கைக்கு வந்தது. 1947-ல் வெளியான ‘நாம் இருவர்’ படத்துக்காக டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களைத் தமிழ்நாடே கேட்டு மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் எடுத்த ‘பில்ஹணன்’ படத்திலும் ஒரு பாரதி பாடல் இடம்பெற்றது. உரிமை தம்முடையது என்று ஏவி.எம். தரப்பிலிருந்து மறுப்பு எழுந்தது. டி.கே. சண்முகம் அடங்கிப் போகவில்லை. பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்பு தோன்றியது. எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். 1949 மார்ச்சில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், பாரதியின் எழுத்துகளை அரசே ஏற்கும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏவி.எம். பணம் எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. சில ஆண்டுகளில் அவ்வெழுத்துகள் மக்கள் அனைவருக்கும் பொதுவாயின.

வங்கத்தில் நடந்தது வேறு. தாகூர் 1941-ல் மறைந்தார். அன்றைய சட்டப்படி 50 ஆண்டுகள் கழிந்து, 1991-ஆம் ஆண்டு இறுதியில் அவர் நூல்கள் பொதுவுடைமை ஆகியிருக்க வேண்டும். விசுவபாரதியின் வேண்டுகோளை முன்னிட்டு நடுவண் அரசு பதிப்புரிமைக் காலத்தை 60 ஆண்டுகளாக நீட்டியது. அந்த நீட்டிப்பே இன்று இந்தியாவின் எல்லா எழுத்தாளர்க்கும் உரிய சட்டம். ஒரு கவிஞனின் பெயரால் பூட்டு திறந்தது. இன்னொரு கவிஞனின் பெயரால் பூட்டு இறுகியது. ஒரு பிரதியை எவர் எடுக்கலாம், எடுத்தவரை என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஒரு பாட்டிலிருந்து தொடங்கியது என்பதைக் கவிஞர்கள் நினைவில் வைத்துக்கொள்வது தகும். அதற்குப் பிந்திய அரை நூற்றாண்டுக் கதை பெரும்பாலும் திரைப்படத்தின் கதை. அதன் முக்கியமான காட்சிகள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றைச் சுற்றியும் நடந்திருக்கின்றன.

எண்பதுகளில் மயிலாப்பூர், தியாகராய நகர்க் கடைத்தெருக்களில் ஒலிநாடாக் கடைகள் பெருகின. விரும்பிய பாடல்களைக் காகிதத்தில் எழுதி, வெற்று நாடா ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிவு செய்து தருவார்கள். 60 நிமிட நாடாவில் எத்தனை பாட்டு அடங்கும் என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். நாடாவின் அட்டையில் அவரே அழகிய கையெழுத்தில் படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் எழுதித் தருவார். சட்டத்தின் கண்ணில் இது ஒவ்வொன்றும் குற்றம். ஆயினும் கொடுத்தவரும் வாங்கியவரும் அதைக் குற்றம் என்று நினைத்ததில்லை. இசைத்தட்டு நிறுவனங்களும் தெருமுனைக் கடைகள்மீது படையெடுத்து வரவில்லை.

மயிலாப்பூர்ப் பக்கத்துச் சபாக்களில் இதைவிட நுட்பமான களவு ஒன்று நடந்துவந்தது. கச்சேரியை ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்பது விதி. மேல்துண்டுக்கு அடியிலும் கைப்பைக்குள்ளும் சிறிய பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்த ரசிகர்கள் உண்டு. வணிக நோக்கம் அவர்களுக்கு இல்லை. நாடாவைத் தம்மைப்போன்ற பித்தர்களுக்கு மட்டுமே படியெடுத்துக் கொடுப்பார்கள். பழைய மேதைகள் மேடையில் மனம்விட்டுப் பாடிய பாட்டு இன்று கேட்கக் கிடைப்பதில் பெரும் பங்கு இவர்களையும் தனி ரசிகர்களின் வீட்டுப் பதிவுகளையும் சார்ந்தது. இசைத்தட்டுக்காகச் சில நிமிடங்களில் சுருக்கிப் பாடியதை மட்டுமே வைத்துக்கொண்டு அந்தத் தலைமுறையை மதிப்பிட வேண்டியிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு! படியெடுத்தல் என்ற செயலுக்கு ஒரே முகம் இல்லை என்பதற்காகவே இது இங்கே சொல்லப்படுகிறது.

திரைப்படத்தில் நிலைமை அப்படி இல்லை. அங்கே பிரதி எடுத்தவர் ரசிகர் அல்லர், வணிகர். 1982-ல் ஆசிய விளையாட்டுகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் வீடியோ டெக் வீட்டுக்குள் நுழைந்தது. சொந்தமாக வாங்க இயலாதவர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மூன்று படங்களின் காசெட்டு எல்லாம் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் மாலையில் வந்து இறங்கும். தெருவே விடிய விடியப் படம் பார்க்கும். காசெட்டுகளின் மூலம் பெரும்பாலும் அயல்நாடு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கென விற்கப்பட்ட வெளிநாட்டு உரிமைப் பிரதி, வீடியோவாக மாறிச் சென்னைக்கே திரும்பி வந்தது. இன்னொரு வழி, பரிசோதனைக் கூடத்திலிருந்து திரையரங்குக்குப் போகும் படப்பெட்டி ஓர் இரவு மட்டும் வழிமாறிப் போய்வருவது.

இதற்கு விடையாக 1984-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மீறியவருக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்று ஆயிற்று. ஒவ்வொரு வீடியோ காசெட்டின் மீதும் தயாரித்தவரின் பெயர், முகவரி, தணிக்கைச் சான்று ஆகியவை இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. திருடன் தன் முகவரியை அச்சிட்டுக் கொடுப்பான் என்று எதிர்பார்த்த சட்டம் அது! தொண்ணூறுகளில் கேபிள் தொலைக்காட்சி வந்தபோது, நள்ளிரவில் புதுப்படம் ஒளிபரப்பிய உள்ளூர்க் கேபிள்காரர்களுக்குக் காசெட்டு மேலட்டைகூடத் தேவைப்படவில்லை.

பிறகு குறுந்தகடு வந்தது. ஒரு விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடப் படம் அடங்கும். தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு வேண்டும். நாடாவில் பிரதிக்குப் பிரதி தெளிவு குன்றும். நூறாவது நாடா பார்க்கத் தகாததாகிவிடும் என்பதே அதுவரை இயற்கை அளித்த காவலாக இருந்தது. எண்களால் ஆன குறுந்தகட்டில் ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதியே. டிஜிட்டல் என்ற சொல்லின் முழுப் பொருளையும் தயாரிப்பாளர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய அகதிகளின் பிழைப்புக்காக 1969-ல் கடற்கரை நிலையத்துக்கு எதிரே உருவான பர்மா பஜார், திருட்டு விசிடிக்கு மறுபெயராகவே ஆயிற்று. தியாகராய நகர் நடைபாதைகளிலும் படம் வெளியான இரண்டாம் மூன்றாம் நாளே தட்டுகள் கிடைத்தன.

2004-ல் தமிழ்நாடு அரசு தன் கையிலிருந்த மிகக் கடுமையான ஆயுதத்தை எடுத்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைப் பகுதி நில அபகரிப்போர் முதலியோருக்காக 1982-ல் இயற்றப்பட்டு, மக்கள் வழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் தடுப்புக் காவல் சட்டத்தில், வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை சிறையில் வைக்க அச்சட்டம் இடம் தருகிறது. காவலில் வைத்தது சரியா என்று பார்க்க ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதன் முன் வழக்கறிஞரை வைத்து வாதிடும் உரிமை கிடையாது. திரைத்துறை இத்திருத்தத்தைக் கொண்டாடி வரவேற்றது. அந்த மகிழ்ச்சியில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிற்று. நடைபாதையில் தட்டு விற்றவன் பிடிபட எளியவன். மூலப் பிரதியைக் கசியவிட்டவனும் ஆயிரக்கணக்கில் அச்சடித்தவனும் பிடிபட அரியவர்கள். நாள் கூலிக்குக் கடையில் நின்ற பையன்மீது குண்டர் என்ற முத்திரை விழுவதை எழுத்தாளர்கள் அன்று உரக்கக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். இச்சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்படும் ஆணைகள் பல, நடைமுறைக் குறைகளால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. அதற்குள் சிறையில் சில மாதம் கழிந்திருக்கும்.

ஏறக்குறைய அதே சமயத்தில் மயிலாப்பூரில் முற்றிலும் வேறான முயற்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1986-ல் தொடங்கப்பட்ட ரியல் இமேஜ் என்ற நிறுவனம் படத்தொகுப்பிலும் ஒலியிலும் கணினியைப் புகுத்திப் பெயர் பெற்றிருந்தது. 2005-ல் அது கியூப் என்ற டிஜிட்டல் திரையிடல் முறையை அறிமுகம் செய்தது. அதுவரை ஒரு படம் என்பது பதினைந்து பதினாறு தகரப் பெட்டிச் சுருள். அதைச் சுமக்கும் ஆளைச் சரிக்கட்டினால் படத்தையே கைப்பற்றலாம். டிஜிட்டல் முறையில் படம் என்பது மறைமொழியாக்கப்பட்ட ஒரு கோப்பு. வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ அது திரையரங்குக்கு வந்து சேரும். அதைத் திருடியவனுக்குக் கிடைப்பது பொருளற்ற எண்களின் குவியல்.

இந்தப் பூட்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்லலாம். உலகளவில் 2005-ல் ஹாலிவுட் நிறுவனங்கள் வகுத்த நெறிப்படி, படம் 128 பிட் நீளமுள்ள சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவி தனியே, இன்னொரு பூட்டிய உறைக்குள் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு திரையரங்கின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உறை உண்டு. ஒரு கருவிக்கென அனுப்பிய உறையை வேறொரு கருவியால் பிரிக்க முடியாது. உறைக்குள் காலமும் குறிக்கப்பட்டிருக்கும். வெள்ளி காலை எட்டு மணிக்கு என்றால் அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூடப் படம் ஓடாது. ஒப்பந்த நாள் முடிந்ததும் சாவி தானே செத்துவிடும். பழைய காலத்து வீட்டுக் களஞ்சியச் சாவியை இடுப்பில் முடிந்துவைத்த பாட்டியைப்போல, தயாரிப்பாளர் படத்தை ஊரெங்கும் அனுப்பிவிட்டுச் சாவியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

ஆயினும் எந்தப் பூட்டும் திரையோடு முடிந்துவிடுகிறது. இறுதியில் படம் ஒளியாகவும் ஒலியாகவும் வெளிப்பட்டே ஆக வேண்டும். இருட்டில் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால் எல்லா மறைமொழியும் வீண். இதற்கெனச் செய்யப்பட்டதே வாட்டர்மார்க் எனப்படும் மறைகுறி. கண்ணுக்குத் தெரியாத சிறு மாறுதல்களாகப் படம் முழுவதும் அது விரவிக் கிடக்கிறது. எந்த ஊர், எந்தத் திரை, எந்த நாள், எந்தக் காட்சி என்பது அதில் பொதிந்திருக்கும். மங்கலாகவும் கோணலாகவும் எடுத்த பிரதியிலிருந்தும் அதை மீட்டு எடுக்கலாம். பழைய ஏட்டுச் சுவடியின் பாடபேதங்களைக் கொண்டு, அது எந்த மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டது என்று பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பதை இது ஒத்தது. வேறுபாடு ஒன்றே. ஏட்டில் பிழை தானே நேர்ந்தது. இங்கே பிழை வேண்டுமென்றே விதைக்கப்படுகிறது. 2018-ல் தயாரிப்பாளர் சங்கம் சில திரையரங்குகளின் பெயரைச் சொல்லி, இனி அவற்றுக்குப் புதுப்படம் தருவதில்லை என்று அறிவித்தது இந்தக் குறியின் துணையால்தான். நாற்பதாண்டுக் காவல் முறைகளில், குற்றம் நடந்த இடத்தைச் சரியாகச் சுட்டிக் காட்டியது இதுவே. நிரபராதிகள் எவரையும் அது சிறைக்கு அனுப்பவில்லை. எந்த வாசகனின் கதவையும் அடைக்கவில்லை.

அதற்குள் களவு இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2001-ல் பிட்டாரண்ட் என்ற முறை தோன்றியது. ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி, பெறுபவர் ஒவ்வொருவரையும் கொடுப்பவராகவும் ஆக்கியது அம்முறை. கிடங்கு என்று எங்கும் இல்லாதபோது காவலர் எங்கே சோதனையிடுவார்? 2011 அளவில் தமிழ்ராக்கர்ஸ் என்ற பெயர் பரவலாகக் கேட்கத் தொடங்கியது. ஒரு முகவரி முடக்கப்பட்டால் பெயரின் வால் மட்டும் மாறி மறுநாள் வேறு முகவரியில் தளம் எழும்.

அதே ஆண்டில் நடந்த ஒரு கசிவு தனியே நினைக்கத்தக்கது. ‘3’ என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்துத் தனுஷ் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடலின் செப்பமில்லாத வடிவம் நவம்பர் தொடக்கத்தில் எப்படியோ வெளியே வந்துவிட்டது. காவல் நிலையத்துக்கு ஓடுவதை நம்பியிராமல், பாடலைச் செம்மைசெய்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் காட்சியையும் சேர்த்து 2011 நவம்பர் 16 அன்று தாங்களே இணையத்தில் வெளியிட்டார்கள். கசிந்த பிரதி மறக்கப்பட்டது. வெளியிட்ட பிரதி உலகைச் சுற்றியது. ஒரு விபத்துக்கு இவ்வளவு விரைவாகவும் நிதானமாகவும் விடை சொன்ன நிகழ்ச்சி இத்துறையில் அதிகம் இல்லை.

வியப்பு என்னவென்றால், அதே படம் சில மாதங்களில் நேர் எதிரான பாடத்தையும் தந்தது. 2012 மார்ச்சில் படம் வெளியாகும் தறுவாயில், ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகிப் பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிரான தடையாணை ஒன்றைப் பெற்றது. ஆங்கிலேயர் ஜான் டோ என்ற கற்பனைப் பெயரால் குறிக்கும் இவ்வகை ஆணையை 2002-ல் உலகக் கால்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு தொடர்பாகத் தில்லி உயர் நீதிமன்றம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இங்கே அந்தக் கற்பனை மனிதனுக்கு அசோக் குமார் என்று பெயர். இந்த அசோக் குமார் எவன் என்று எவருக்கும் தெரியாது. அவனுடைய இயல்பே அதுதான். அவனைப் பிடிக்க முடியாததால் ஆணை இணையச் சேவை நிறுவனங்கள்மீது விழுந்தது. அவை ஆராய்ந்து பார்க்கும் தொல்லையை விரும்பவில்லை. மே மாதம் பைரேட் பே மட்டுமின்றி, விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களும் பல வாடிக்கையாளர்களுக்கு முழுதாக அடைபட்டன. குறும்படக்காரர்களும் ஓவியர்களும் தம் சொந்தப் படைப்பை இட்டுவைத்த தளம் விமியோ. கதவைத் தட்டியவர்களுக்கு நீதிமன்ற ஆணைப்படி மூடப்பட்டது என்ற ஒற்றை வரியே கிடைத்தது. அனானிமஸ் என்ற முகமூடிக் குழு அரசு தளங்களைத் தாக்கியது. ஜூன் 9 அன்று பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவில் நின்றார்கள். ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது. களவுப் பிரதி உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டுமே அடைக்க வேண்டும், தளம் முழுவதையும் அன்று என்றது. எலிக்கு வைத்த தீயில் வைக்கோற்போர் எரிந்த கதை ஒரு மட்டுக்கு முடிந்தது.

அப்பாடம் நெடுநாள் நினைவில் நிற்கவில்லை. 2016 ஜூலையில் ‘கபாலி’ வெளியானபோது தயாரிப்பாளர் எஸ். தாணு உயர் நீதிமன்றம் சென்றார். இருநூறுக்கும் மேற்பட்ட தளங்களை அடைக்க ஆணை கிடைத்தது. 2018 நவம்பரில் ‘2.0’ படத்துக்காக லைகா நிறுவனம் கொடுத்த பட்டியலில் 12,000-க்கு மேற்பட்ட முகவரிகள். 37 இணையச் சேவை நிறுவனங்கள் அவற்றை அடைக்கும்படி ஆணையிடப்பட்டன. படம் நவம்பர் 29 அன்று வெளியானது; அன்றே இணையத்திலும் வந்துவிட்டது. பன்னிரண்டாயிரம் முகவரிகளை ஒரு நீதிபதி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது இயலாத காரியம். எனவே, எது களவுத் தளம் என்று முடிவு செய்யும் அதிகாரம் நடைமுறையில் பட்டியல் கொடுத்தவரிடமே போய்ச் சேருகிறது.

வேறு வழி தேடியவர்களும் இருந்தார்கள். 2013-ல் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச். வழியாக வீடுகளுக்கு நேரே தர முயன்றபோது திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2015-ல் சேரன் தம் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைத் திரையரங்குக்குப் பதிலாக டிவிடியாக, 50 ரூபாய் விலையில் வீடுகளுக்கே விற்க முன்வந்தார். களவாடுபவன் தரும் வசதியை நேர்மையாகவே தந்தால் மக்கள் வாங்குவார்கள் என்பது அவர் நம்பிக்கை. முயற்சி வேரூன்றவில்லை; அந்த டிவிடியும் படியெடுக்கப்பட்டது. பிற்காலத்தில் பெரும் பணம் படைத்த அயல்நாட்டு ஓடிடி நிறுவனங்கள் செய்து காட்டியதன் கருவை அவர் சில ஆண்டு முன்னரே கண்டவர் என்ற மதிப்பு அவருக்கு உரியது.

2017 ஏப்ரலில் தயாரிப்பாளர் சங்கத் தலைவராக நடிகர் விஷால் தேர்ந்தெடுக்கப்பட்டதில் தமிழ்ராக்கர்ஸை ஒழிப்பேன் என்ற வாக்குறுதிக்குப் பங்கு உண்டு. சிலர் கைதானார்கள், தளம் தொடர்ந்தது. 2018 மார்ச் முதல் நாள் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் தமிழ்ப் படங்கள் வெளியாகவில்லை. அந்தப் போராட்டம் களவுக்கு எதிரானதன்று; டிஜிட்டல் திரையிடலுக்கு நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்துக்கு எதிரானது. பூட்டின் வாடகை திருடனின் கொள்ளையைவிடக் கனத்துவிட்டது என்று சிறு தயாரிப்பாளர்கள் அப்போது சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. அவ்வாண்டு டிசம்பரில் எதிரணித் தயாரிப்பாளர்கள், தமிழ்ராக்கர்ஸை ஒடுக்கவில்லை என்பது உள்ளிட்ட குறைகளைச் சொல்லித் தியாகராய நகரில் சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டை உடைக்கச் சென்ற தலைவரைக் காவல்துறை அழைத்துச் சென்றது. பூட்டுகளின் வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

பெருந்தொற்றுக்குப் பிறகு திரையரங்குகளை மீட்க வந்த படம் என்று எதிர்பார்க்கப்பட்ட ‘மாஸ்டர்’, 2021 ஜனவரி 13 அன்று வெளியாகவிருந்தது. அதற்கு ஓரிரு நாள் முன்பே முக்கியக் காட்சிகள் துண்டு துண்டாக இணையத்தில் பரவின. அவற்றைப் பகிர வேண்டாம் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ரசிகர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். திரையரங்கில் இன்னும் வராத படம் திரையரங்கில் எடுக்கப்பட்டிருக்க முடியாது. திரைத்தொழிலுக்குச் சேவை செய்யும் நிறுவனமொன்றின் உள்ளாள் மீது ஐயம் விழுந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. எண்பதுகளில் வழிமாறிப் போன படப்பெட்டிக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. நடுவண் அரசின் கணினி அவசரப் பிரிவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, கணினிப் பாதுகாப்பு மீறல் எதுவாயினும் அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படத்தொகுப்புக் கூடங்களும் ஒலிக் கூடங்களும் அதன்படி நடந்தால் நன்மை உண்டு. கசிந்ததை மூடிமறைக்கும் பழக்கமே திருடனுக்கு இதுவரை கிடைத்த முதல் உதவி.

எழுத்துலகுக்கு இந்தக் காவல் எதுவும் எட்டவில்லை. கவிதைத் தொகுப்பு ஒன்று பிடிஎஃப் கோப்பாக டெலிகிராம் குழுவில் சுற்றினால், கவிஞர் எந்த அசோக் குமார்மீது வழக்குத் தொடுப்பார்? சட்டம் அவருக்கும் வழி சொல்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்து மூலம் முறையிட்டால், அத்தளம் 36 மணி நேரத்தில் பிரதியை நிறுத்தி வைக்க வேண்டும்; 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். நீதிமன்றக் கட்டணம் கவிதை நூலின் மொத்த வரவையும் விழுங்கிவிடும். சிறு பதிப்பாளர்கள் இதனால் படும் இழப்பு உண்மையானது. படிக்க ஆளில்லாத நூலுக்குப் படியெடுக்கவாவது ஆள் கிடைத்ததே என்று மகிழும் கவிஞர்களும் உண்டு. அது பாதி வேடிக்கை, பாதி வேதனை.

மறுபக்கம், படியெடுத்தல் இல்லாமல் தமிழே இல்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த ஏடுகள் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சு நூல்களை நுண்படமாகவும் டிஜிட்டல் பிரதியாகவும் ஆக்கிக் காத்து வருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழர் தட்டச்சிட்ட நூல்களை இலவசமாகத் தருகிறது. கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையான நூல்களை இணையத்தில் இட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சட்டத்தின் அடிப்படையை அளித்தது காலாவதியான பதிப்புரிமையோ, 1949-ல் பாரதிக்குச் செய்ததுபோல் அரசு விலைகொடுத்து வாங்கிய உரிமையோதான். களவு என்றும் காப்பு என்றும் ஒரே செயலைப் பிரித்துக் காட்டும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அடையாற்றின் கரையில் உள்ள இந்நூலகங்களுக்குப் போய்வருபவர் அறிவர்.

அடைக்கும் கருவியைப் பற்றி எழுத்தாளர்கள் கவலைகொள்ளக் காரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அது களவுத் தளம் அன்று. பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம் காரணம். அடைத்ததற்கான சட்டப் பிரிவு வேறு, அடைத்த முறை ஒன்றே. இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் ஆணை போயிற்று. வாசகர் எதிரே வெற்றுத் திரை நின்றது. ஒரு சித்திரத்துக்காக நூறாண்டை நெருங்கும் இதழின் தளம் முழுவதும் மூடப்பட்டிருந்தது. மார்ச் 6 அன்று, அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வழி செய்தது. 2012 ஜூனில் விமியோவுக்காகச் சொல்லப்பட்ட நியாயம் இங்கும் பொருந்திற்று.

2023-ல் நாடாளுமன்றம் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியது. அனுமதியின்றித் திரையரங்கில் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தச் செலவில் 5 விழுக்காடு வரை உயரலாம். அவ்வாண்டு நவம்பரில், முறையீடு வந்தால் 48 மணி நேரத்தில் களவுப் பிரதியை நீக்கச் சொல்லும் அதிகாரத்துடன் நடுவண் அரசு அலுவலர்களை நியமித்தது.

2024 ஜூலையில் தனுஷ் இயக்கிய ‘ராயன்’ திருவனந்தபுரத்தில் ஒரு திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னர் வெளியான மலையாளப் படம் ஒன்றின் களவுப் பிரதி அதே அரங்கில்தான் எடுக்கப்பட்டது என்பது விசாரணையில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொச்சி சைபர் காவலர்கள் காட்சி நடுவே நுழைந்து, கைப்பேசியில் படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டு இளைஞர் ஒருவரைப் பிடித்தார்கள். சாய்ந்து அமரும் இருக்கையில் தண்ணீர்க் குவளை வைக்கும் பள்ளத்தில் கைப்பேசி பொருத்தப்பட்டிருந்தது. ஒரு படத்துக்கு 5,000 ரூபாய் கூலி என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. பணம் கொடுத்தவர்களைத் தேடிக் காவல்துறை விசாரணையைத் தொடர்ந்தது.